எண்ணூற்று ஐம்பதாவது ஸ்னாப்

தொலைபேசியில் பேசும்போது நின்றுகொண்டு பேசித்தான் எனக்குப் பழக்கம். உட்கார்ந்து பேசினால் சீக்கிரம் ஒப்புக்கொண்டுவிடுவேன். டொலிடோவின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு இருபத்தாறு வருடம் ஆட்டக்காரர்களை வாங்கி விற்றதில் மிஞ்சியது இப்படிச் சில பழக்கங்கள்தான். இன்று நீங்கள் நாற்காலி போட்டிருக்கிறீர்கள். உட்கார்ந்துகொள்கிறேன்.

நீங்கள் கேட்பது ஒரே கேள்வி. வெண்டல் புரூசார் தன் கழுத்து பழுதானது என்று தெரிந்தே புது அணியிடம் மறைத்தாரா? மறைத்தார் என்றால் சான் அன்டோனியோ அணி எழுதிக் கொடுத்த சம்பள உத்தரவாதம் செல்லாது. கட்டிலில் அசையாமல் கிடக்கிறவருக்கும் அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் ஒன்றும் வராது. மறைக்கவில்லை என்றால் எல்லாம் வரும். லீக்கின் வழக்கறிஞரான உங்களுக்கு ஒரே சொல்லில் பதில் போதும். ஆனால் வரிசையாகச் சொல்லி வந்தால்தான் அந்தச் சொல் நிற்கும்.

வெண்டலை எனக்குப் பிடிக்கும். லூசியானாக்காரர், ஆறடி ஆறங்குலம், நூற்றைம்பது கிலோ. இடது டேக்கிள். நம் குவார்ட்டர்பேக் பந்தை எறிய நிற்கும்போது, அவன் பார்க்க முடியாத பக்கத்திலிருந்து ஓடி வருகிறவனைத் தன் உடம்பால் தடுத்து நிறுத்துவது அவர் வேலை. எங்களுக்காக ஏழு வருடம் நிறுத்தினார். ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தது. அதிலிருந்த உத்தரவாதம் மட்டும் தீர்ந்துவிட்டது. அடிபட்டால் அந்த வருடச் சம்பளத்தோடு சரி.

போன ஜூனில் என் அறைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. அவர் உட்கார்ந்த நாற்காலிகள் இரண்டை ஏற்கெனவே மாற்றியிருக்கிறோம்.

"மிஸ்டர் கார்ல், என்னை விட மோசமா ஆடறவன் என்னை விட ரெண்டு மடங்கு வாங்கறான். அது கூடப் பரவாயில்ல. நான் விழுந்தா புள்ளைங்க விழக்கூடாது. அந்த ஒரு வரியை எழுதிக் குடுங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"இந்த வருஷம் முடியாது, வெண்டல்."

"ஒவ்வொரு வருஷமும் இந்த வருஷம்தான்."

கதவு வரை போனவர் திரும்பினார். "இன்னொண்ணு. நேத்துப் பயிற்சியில ஒருத்தன் மேல மோதினேனா, ரெண்டு கையும் மரத்துப் போச்சு. அரை நிமிஷம் என் கையே இல்லாத மாதிரி. டாக்டர்கிட்ட சொன்னேன், கழுத்தைப் படம் எடுத்திருக்காரு."

இரண்டு நாள் கழித்து எங்கள் அணி மருத்துவர் ஹாஸ்கின்ஸ் ஒரு தாளோடு வந்தார். நல்ல மனிதர், எதையும் மெதுவாகத்தான் சொல்வார். கழுத்தில் தண்டுவடம் போகிற பாதை வெண்டலுக்கு மிகவும் குறுகியிருக்கிறது என்றார். உடம்பு முடங்கிப்போக இன்னொரு சரியான மோதல் போதும் என்றார்.

"இனிமே ஆடக்கூடாது, கார்ல். ஒரு ஆட்டம் கூட. அவர் மனைவியையும் கூட்டி வெச்சுச் சொல்லணும்."

"நான் சொல்றேன். ஏழு வருஷமா பழகினவன் நான்."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. இப்படிப்பட்ட செய்தியைச் சொல்ல யாருக்குத்தான் பிடிக்கும்? தாளை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தத் தாளை ஒரு மாலை முழுக்க வைத்துப் பார்த்தேன். அது வெளியே போனால் எங்களிடம் இருப்பது ஆட முடியாத ஒருவர். அது மேசை இழுப்பறையிலேயே இருந்தால், சம்பளத்தில் திருப்தியில்லாத ஒருவர். திருப்தியில்லாத ஆட்டக்காரனுக்கு எங்கள் தொழிலில் சந்தை உண்டு. உடைந்த ஆட்டக்காரனுக்குக் கிடையாது. இரண்டு பேரும் ஒரே ஆள்தான், நடுவில் இருப்பது ஒரு தாள். நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. அணிக்கு எது நல்லது என்று பார்க்கத்தான் என்னை வைத்திருந்தார்கள்.

வெண்டலைக் கூப்பிட்டு, படம் சுத்தமாக இருக்கிறது என்றேன். ஒரு வாரம் கழித்து ஹாஸ்கின்ஸ் கேட்டபோது, வெண்டல் வேறொரு பெரிய மருத்துவரிடம் காட்டிவிட்டார், அவர் ஆடலாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். மொத்தம் இரண்டு பொய், இரண்டும் ஒரு வரி. நீங்கள் இதைவிட நிறைய எதிர்பார்த்திருப்பீர்கள்.

ஜூலையில் பயிற்சி முகாம் தொடங்கியது. வராவிட்டால் அபராதம் என்பதால் வெண்டல் தினமும் வந்தார். ஆனால் ஆடவில்லை. வைக்கோல் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு கோட்டோரமாகக் கையைக் கட்டி நின்றார். கூட ஆடுகிறவர்கள் சும்மா விடுவார்களா?

"என்ன வெண்டல், வயல் காவலுக்கு வந்தியா? காக்கா ஒண்ணும் காணோமே."

"நீ ஆடற ஆட்டத்தைப் பார்த்துக் காக்காயெல்லாம் ஊரை விட்டே போயிடுச்சுடா."

பத்திரிகைகளில் அந்தத் தொப்பி தினமும் வந்தது. சம்பளத்துக்காக முறைத்துக்கொண்டு நிற்கிறார் என்று நாடு முழுக்கத் தெரிந்துபோனது. எனக்கு அதுவே வசதியாக அமைந்தது. ஒருவரை ஏன் விற்கிறார்கள் என்பதற்கு எல்லோர் கையிலும் ஒரு காரணம் இருந்தால், இன்னொரு காரணத்தை யாரும் தேட மாட்டார்கள்.

ஆகஸ்டில் சான் அன்டோனியோவின் பொது மேலாளர் ரே டெல்காடோ கூப்பிட்டார். இளம் வயதில் இருவரும் ஒரே காரில் ஊர் ஊராகப் போய்க் கல்லூரிப் பையன்களைப் பார்த்தவர்கள்.

"டேய் கார்ல், அந்தத் தொப்பிக்காரனை விக்கிறியா, இல்ல நிறுத்தி வெச்சே காத்து இறக்கப் போறியா?"

"நீ வாங்கற ஆளா? உன்கிட்ட இருக்கறதெல்லாம் பஞ்சர்."

"அதனாலதான்டா கூப்பிட்டேன். என் குவார்ட்டர்பேக் போன வருஷம் ஐம்பத்தெட்டு தடவை தரையில விழுந்தான். அவங்கம்மா எனக்கு லெட்டர் போடறா."

"முதல் சுற்றுத் தேர்வு ஒண்ணு குடு."

ஒலிப்பதிவுக்காகச் சொல்கிறேன்: ஏப்ரலில் கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கிற டிராஃப்டில், முதல் சுற்றில் ஒருவனை எடுக்கும் உரிமை. எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய சொத்து இல்லை. எங்களுடையதை அதற்கு முந்தைய வருடமே ஒரு தப்பான ஆளுக்காகக் கொடுத்துத் தொலைத்திருந்தேன்.

"ஆடாம நின்னே பழகினவனுக்கு முதல் சுற்றா? இப்படிப் பண்ணலாம். இரண்டாம் சுற்றுத் தேர்வு தர்றேன், கூட அடுத்த வருஷம் ஒரு ஐந்தாம் சுற்று. இந்த சீசன்ல அவன் எண்ணூற்று ஐம்பது ஸ்னாப் ஆடினான்னா, இரண்டாம் சுற்று முதல் சுற்றா மாறிடும். சரியா?"

பந்து ஒருமுறை ஆட்டத்துக்கு வருவது ஒரு ஸ்னாப். ஒரு ஆட்டத்தில் அறுபது, எழுபது வரும். எண்ணூற்று ஐம்பது என்றால் பதின்மூன்று, பதினான்கு ஆட்டம்.

"சம்பளம்தானே பிரச்சினை? வேற ஒண்ணும் இல்லையே?" என்று ரே கேட்டார்.

"சம்பளம்தான்."

இது பொய்யில்லை. வெண்டலைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

அணி மாற்றம் உறுதியாவதற்கு முன் புது அணி உடம்பைப் பரிசோதிக்கும். முழங்கால், இதயம், பழைய காயங்கள். கழுத்தில் பழைய காயம் என்று எந்தக் கோப்பிலும் இல்லாததால் அதைப் படம் எடுக்கவில்லை. அங்கே காத்திருக்கும் அறையிலிருந்து வெண்டல் என்னை அழைத்தார்.

"மிஸ்டர் கார்ல், இங்க ஒரு படிவம். கை கால் எப்பவாவது மரத்துப் போயிருக்கான்னு கேட்டிருக்கான். என்ன போட?"

"ஜூன்லயே பார்த்தாச்சே, வெண்டல். படம் சுத்தம். நீ ஆமான்னு போட்டா இன்னும் பத்து டெஸ்ட் எடுப்பான். உன் புது ஒப்பந்தம் அக்டோபருக்குத் தள்ளிப் போகும்."

"அப்ப இல்லைன்னு போட்டுடவா?"

"உன் இஷ்டம்."

உன் இஷ்டம் என்று நான் சொன்னதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவர் கேட்ட அந்த ஒரு வரியை சான் அன்டோனியோ எழுதிக் கொடுத்தது. விழுந்தாலும் முழுச் சம்பளம். உடம்பைப் பற்றித் தெரிந்த எதையும் மறைத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. வெண்டல் தன் ஊர் அரிசி சாசேஜ் ஒரு பெட்டி பனிக்கட்டியில் வைத்து எனக்கு அனுப்பினார். "உங்களாலதான் என் புள்ளைங்க தூங்குது" என்று சீட்டு. நன்றாகக் காரமாக இருந்தது.

செப்டம்பரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் என் அணியின் ஆட்டத்தை ஒரு கண்ணாலும் சான் அன்டோனியோ ஆட்டத்தை ஒரு கண்ணாலும் பார்த்தேன். வெண்டல் அருமையாக ஆடினார். திருப்தியான மனிதன் ஆடுகிற ஆட்டம் அது. நடுவில் கணுக்கால் பிசகி இரண்டு ஆட்டம் உட்கார்ந்தார். எனக்கு அந்த இரண்டு வாரம் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

நவம்பர் கடைசியில் அவர் அழைத்தபோது கணக்கு அறுநூற்று அறுபத்தொன்று. இன்னும் நூற்றெண்பத்தொன்பது.

"மிஸ்டர் கார்ல், மறுபடியும் வந்துடுச்சு. இந்தத் தடவை ஒரு நிமிஷத்துக்கு மேல. யாருக்கும் சொல்லல. வீட்டுல கொரினுக்கு மட்டும் தெரியும், அவ படுத்தற பாடு தாங்கல. அந்த ஜூன் படத்தை இங்க டாக்டருக்கு அனுப்பறீங்களா? பார்த்துட்டு ரெண்டு வாரம் உக்காரச் சொன்னா உக்காந்துடறேன்."

நான் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே முதல் பனி. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது என்று இப்போது தெரிகிறது. அப்போதும் தெரிந்தது.

"அனுப்பலாம். ஆனா யோசிச்சுக்கோ. தொப்பி போட்டு நின்ன ஆளு நீ. உத்தரவாதம் வாங்கின மூணாவது மாசமே உக்காந்தா என்ன பேசுவாங்க?"

"பேசுவானுங்க."

"படம் சுத்தம், வெண்டல். நரம்பு சுளுக்கியிருக்கும். டேக்கிள் எல்லாருக்கும் வர்றதுதான்."

"நீங்க சொன்னா சரி. கொரின்கிட்டயும் அதையே சொல்லிடறேன். டிராக்டர் மாதிரி கத்தறா."

அடுத்த ஆட்டத்தில் அறுபத்து நான்கு. அதற்கடுத்ததில் அறுபத்தொன்று. மூன்றாவது ஞாயிறு அவர் களமிறங்கியபோது இன்னும் அறுபத்து நான்கு பாக்கி. எண்ணூற்று ஐம்பது முடிந்ததும் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். இதை யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் திங்கட்கிழமை காலை ரேயைக் கூப்பிட்டு, பழைய தாள் ஒன்று இப்போதுதான் கண்ணில் பட்டது, கழுத்தைப் பாருங்கள் என்று சொல்ல வார்த்தைகளைக் கூட எழுதி வைத்திருந்தேன். அந்தக் காகிதத்தை உங்களிடம் கொடுத்திருக்கிறேன்.

நான்காவது கால்பகுதியில் எண்ணூற்று ஐம்பதாவது ஸ்னாப். சாதாரணமாக முடிந்தது. வெண்டல் எழுந்து கையுறையை இறுக்கிக்கொண்டு அடுத்ததற்கு நின்றார். நடுவில் கூப்பிட்டுச் சொல்லலாமே என்பீர்கள். ஆட்டம் நடக்கும்போது பொது மேலாளர்கள் தொலைபேசியை எடுப்பதில்லை. ரே எடுத்திருக்கவும் கூடும். நான் கூப்பிட்டுப் பார்க்கவில்லை.

எண்ணூற்று அறுபத்தொன்றாவதில் விழுந்தார். பெரிய மோதல் இல்லை. தலை கொஞ்சம் குனிந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு கை மடங்கிக் கீழே கிடந்தது, அதை அவர் இழுத்துக்கொள்ளவில்லை. திரையில் அந்த ஸ்னாப்பைத் திரும்பக் காட்டினார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை. என் தாளில் கூட்டிய கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக இருந்தது.

ஜனவரியில் மருத்துவமனைக்குப் போனேன். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. கொரின் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். "பழைய டீம்லேருந்து வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

வெண்டல் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார். "மிஸ்டர் கார்ல், மூக்கு அரிக்குது. கொரின் கை ஐஸ் மாதிரி இருக்கும். நீங்க சொறிஞ்சு விடுங்க."

சொறிந்துவிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் மேல. ஆங். நான் மறைச்சுட்டேன்னு சான் அன்டோனியோ வக்கீல் சொல்றாரு. படம் சுத்தம்னு எத்தனை தடவை சொன்னாலும் நம்ப மாட்டேங்கறாங்க. அந்தப் படத்தை அனுப்பி வைங்க. நீங்க அனுப்பினா வாயை மூடிடுவாங்க."

"பார்க்கிறேன்" என்றேன்.

மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஹாஸ்கின்ஸ் உங்களிடம் வந்து, தாளைக் கொடுத்தேன், கார்ல் ஓட்டிங்கர்தான் சொல்வதாகச் சொன்னார் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது உண்மை. நீங்கள் கேட்டீர்கள், நான் சொல்கிறேன். இதற்கு முன் யாரும் என்னை நேராகக் கேட்டதில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். வெண்டல் புரூசார் எதையும் மறைக்கவில்லை. அவருக்குத் தெரியாது. படிவத்தில் இல்லை என்று போட்டதும் படம் சுத்தம் என்ற என் சொல்லை நம்பித்தான். ஜூன் மாதத்திலிருந்து எனக்குத் தெரியும். அவரிடமிருந்தும் அவர் மருத்துவர்களிடமிருந்தும் மறைத்தது நான். இன்னொரு மோதல் போதும் என்று தெரிந்தேதான் விற்றேன், தெரிந்தேதான் நவம்பரில் ஆடச் சொன்னேன். அந்த உத்தரவாதம் அவருடையது. எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வியாழக்கிழமை டிராஃப்ட். சான் அன்டோனியோவின் முதல் சுற்றுத் தேர்வு எங்கள் கையில் இருக்கிறது, பதினெட்டாவது இடம். என்னை வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள், வழக்குப் போடுங்கள், நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அந்தத் தேர்வை மட்டும் எங்கள் அணியிடமிருந்து பறித்துவிடாதீர்கள். அதில் எந்தத் தில்லுமுல்லும் கிடையாது. எண்ணூற்று ஐம்பதையும் அவர் சொந்தக் காலில் நின்று ஆடினார்.