விளக்குக்காரர் இன்னும் இறங்கலை

...இல்லம்மா, நீயே சொல்லு, இது நியாயமா? கார்ல ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்குப் போயி மேல ஏறின மனுஷன் இன்னும் எறங்கல! நீயும் இந்தக் கலங்கரை விளக்கத்துல ஏறத்தான் வந்தியா? இரு இரு, உட்காரு. டிக்கெட் குடுக்கிறவர் சாப்பிடப் போயிருக்காரு. என் வீட்டுக்காரரும் எறங்கட்டும். அந்தப் படியில ரெண்டு பேர் எதிரெதிரா வந்தா ஒருத்தர் வயித்த எக்கணும். அவரால அது ஆகாது.

கடலோரமாவே கார்ல ஊர் சுத்தலாம்னாரும்மா. நானும் நம்பி, இந்தா, இந்தத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் வாங்கினேன். பாத்தா... காலையில ஒரு கலங்கரை விளக்கம், மத்தியானம் ஒரு கலங்கரை விளக்கம், நேத்து சாப்பிடக்கூட விடாம ஒண்ணு! இன்னும் கடல்ல கால நனைக்கல நான். வேலையில இருந்தப்ப தெருவிளக்கு ரிப்பேர் பாத்தவரு. ரிட்டயர் ஆயும் புத்தி போகுதா? எங்க வீட்டு சமையல்கட்டு பல்பு ஃபியூஸ் போயி மாசக்கணக்காச்சு. அதுக்கு ஏணி போட முட்டி வலிக்குதாம்! இங்க மட்டும் குடுகுடுன்னு ஏறுறாரு. ஏறிட்டு வந்து, "உள்ள இருக்கிற விளக்கு சின்னதுதான்டி, அதச் சுத்தியிருக்கிற கண்ணாடிதான் வெளிச்சத்த கப்பல் வரைக்கும் தள்ளுது"ன்னு வழியெல்லாம் பாடம்.

அப்பதான் சொன்னேன்... "எல்லாம் ஒண்ணுதானேங்க, உயரமா ஒரு தூணு, உச்சியில ஒரு லைட்டு"ன்னு. அவ்ளோதான், மூஞ்சி தொங்கிப்போச்சு. செல்போனக்கூட என் மடியில போட்டுட்டு, ஒண்ணும் பேசாம ஏறிட்டாரு. நான் திட்டினா பதிலுக்குத் திட்டுற மனுஷன்மா! பேசாம போனா நான் என்னன்னு எடுத்துக்கிறது? சொல்லியிருக்க வேணாம்தான்... எறங்கி வரட்டும், அடுத்த கலங்கரை விளக்கம் எங்கன்னு நானே கேக்கப்போறேன்.

ஆங், அதோ! உச்சியில பாரு, கை ஆட்டுறாரு. முன்னாடியே ஆட்டினாரு, நான் திரும்பி உட்கார்ந்துட்டேன். எனக்கும் ரோஷம் இருக்கா இல்லையா? இப்ப ரெண்டு கையும் ஆட்டுறாரு... என்னமோ கத்துறாரு... இந்தக் காத்துல என்னத்த கேக்கிறது? காத்தா இது! அந்தக் கீழ்க்கதவு டமார் டமார்னு அடிச்சு எனக்குத் தலைவலியே வந்துடுச்சு. நான்தான் எழுந்து போயி, வெளித் தாழ்ப்பாள இழுத்துப் போட்டுட்டு வந்து நிம்மதியா...

ஏம்மா, எங்க ஓடுற? காமிராவ விட்டுட்டுப் போறியே!

ஐயையோ... தாழ்ப்பாள்!

அப்போ... அப்போ அவரு கோவிச்சுக்கிட்டு மேல உட்காரலையா? அப்பாடா! என் வயித்துல பால வார்த்தே கண்ணு!

ஏம்மா... ஏம்மா, தொறக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளு! காத்துல தானா விழுந்துடுச்சுன்னு சொல்லிடு, என்ன?