கை சொல்லி வைத்த உருண்டை

களிமண் வகுப்பில் சேர்ந்த பிறகு, தினமும் தேய்த்துக் கழுவுவதில் என் நகங்கள் முன்பைவிடச் சுத்தமாக இருக்கின்றன, டீச்சர். அதற்கு முதலில் நன்றி சொல்லிவிட்டு, சூளைக்குள் வெடித்த விஷயத்துக்கு வருகிறேன்.

என்னையும் என் மச்சினனையும் இங்கே சேர்த்துவிட்டது என் மனைவி. "ரெண்டு பேரும் ரிமோட்டுக்கு அடிச்சுக்கறதுக்கு, அங்க போய் மண்ணைப் பிசைங்க" என்றாள். முதல் நாளே நீங்கள் சொன்னீர்கள்: "யோசிக்காதீங்க. கை என்ன சொல்லுதோ அதைச் செய்யுங்க." நான் தலையாட்டிவிட்டு, ஸ்கேல் வைத்து அளந்து ஒரு கோப்பை செய்தேன். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்தது. நீங்கள் பார்த்து, "அளவா இருக்கு" என்று சொல்லி நகர்ந்துவிட்டீர்கள்.

மச்சினன் போனில் பேசிக்கொண்டே மண்மேல் முழங்கையை ஊன்றிவிட்டான். மண் நசுங்கி, ஒரு பக்கம் நாக்குத் தள்ளிக்கொண்டு நின்றது. நீங்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். கண் கலங்கியதையும் பார்த்தேன். "இது மூச்சு விடுது" என்றீர்கள். பார்வையாளர் வரும் நாளில் வாசல் ஜன்னலில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் இடம். அந்த இடம் அவனுக்குப் போயிற்று.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டான். "மாமா, இது என்னதுன்னு யாராச்சும் கேட்டா என்ன சொல்ல?"

"முழங்கைன்னு சொல்லு."

"வயித்தெரிச்சலா மாமா?"

"எனக்கா? போடா."

எனக்குப் பொறாமை என்பதே கிடையாது. அந்த வாரம்தான் என் கை முதன்முறையாகப் பேசியது. பெரிய உருண்டையாகப் பிடி என்றது. உள்ளே குடையாதே என்றது. தடித்த மண் காயாமல் சூளைக்குள் போனால், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் உடைக்கும் என்று நீங்கள் நடத்திய பாடம் நினைவில் இருந்தது. ஆனால் யோசிக்கக் கூடாதே, யோசிக்கவில்லை. உருண்டைக்கு ஈரத்துணி சுற்றியது கை. தினமும் தண்ணீர் தெளித்ததும் அதுதான்.

நான் ஒழுங்கானவன் என்று சூளையில் அடுக்கும் பொறுப்பை எனக்கே தந்தீர்கள். மச்சினனுடையதை நடுத்தட்டில் வைத்தேன். உருண்டையை அதன் தோளில் சாய்ந்தாற்போல வைத்தேன். இடம் போதவில்லை என்று என் கோப்பையை மட்டும் வெளியே எடுத்துவிட்டேன்.

சத்தம் நீங்களே கேட்டீர்கள். மறுநாள் திறந்தபோது உள்ளே உடைந்த ஓடுகள்தான் கிடந்தன. யாரோ செய்த ஆமை ஒன்றும் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தம்தான், ஆமை நன்றாக இருந்தது. மச்சினன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உங்க கப்பாவது தப்பிச்சுதே மாமா" என்று அழுதான். தங்கமான பையன். மிச்சம் இருந்தது அது ஒன்றுதான் என்பதால் நீங்களும் அதையே ஜன்னலில் வைத்தீர்கள். நான் அதை அங்கீகாரமாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆமாம், செய்தது நான்தான். ஆனால் இதில் திட்டம் என்று எதுவும் இல்லை, டீச்சர். முழுக்க முழுக்க உள்ளுணர்வு. சூளை மூட்டிய அன்று காலையில் இரண்டு காதுக்கும் பஞ்சு எடுத்து வந்ததுகூடக் கை சொல்லித்தான்.