ஆதி முன்னாடி போறான்

வசுமதி: அது இன்னா அப்பிடி சத்தம்? பஸ்ஸுல கீறீங்களா?

தாமோதரன்: பஸ்ஸா… சைக்கிள்தான் வசு. மழைக்கு ஒரு பாலத்துக்கு அடியில ஒதுங்கினோம். மேல லாரி போவுது.

வசுமதி: அப்போ ஆதிகிட்ட போனக் குடுங்க. பெத்த புள்ளகிட்ட ரெண்டு வார்த்த பேசறேன்.

தாமோதரன்: அவன் முன்னாடி போயிட்டான்.

வசுமதி: இப்பத்தானே ஒதுங்கினோம்னீங்க.

தாமோதரன்: ஒதுங்கினான்… கெளம்பிட்டான். எளவட்டம், மழைய எங்க மதிக்கறான்?

வசுமதி: நாலு நாளா முன்னாடியேதான் போயினு கீறான். அறுபது வயசு அப்பன் பின்னாடி மூச்சு வாங்கினு வரானே, கொஞ்சம் நிப்போம்னு தோணாதா?

தாமோதரன்: அவன ஒண்ணும் சொல்லாத. எதுக்காத்து அடிக்குது. முன்னாடி ஒருத்தன் போனா பின்னாடி வரவனுக்குக் காத்து அடங்கும். எனக்காகத்தான் போறான்.

வசுமதி: கண்ணுக்கே தெரியாத தூரத்துல போனாக்கூட அடங்குமா?

தாமோதரன்: …ஹாலந்து காத்து அப்பிடி.

வசுமதி: ம்.

தாமோதரன்: இன்னா ம்?

வசுமதி: ஒண்ணுமில்ல. மழை ரொம்பவா?

தாமோதரன்: மழைன்னும் சொல்ல முடியாது. நம்ம ஊர்ல ஊத்துனா ஊத்தும், விட்டா விட்டுடும். இது ஊத்தவும் மாட்டேங்குது, விடவும் மாட்டேங்குது. காலையில இருந்து மூஞ்சில துப்பினு கீது. அங்க எப்பிடி?

வசுமதி: காத்தழுத்தமாம். சதுரங்கப்பட்டினத்துல கடல் ரோட்டாண்ட வந்துடுச்சின்றாங்க. கரண்டு போயிப் போயி வருது.

தாமோதரன்: உன் குரல் எதிரொலிக்குதே. ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா?

வசுமதி: கையெல்லாம் மாவு. போண்டா போடறேன்.

தாமோதரன்: ஒத்த ஆளுக்கு போண்டாவா?

வசுமதி: ஏன், ஒத்த ஆளுக்குப் பசிக்காதா? எதுத்த வூட்டு சங்கரிக்கும் சேத்துதான். நீங்க இன்னா சாப்ட்டீங்க?

தாமோதரன்: ரொட்டி, நடுவுல சீஸு. காலையில நாஸ்தாவும் அதான், மதியச் சாப்பாடும் அதான்.

வசுமதி: ஆதி எதுவும் சமைக்கறதில்லையா?

தாமோதரன்: ஒரு நாளைக்கு ஒரு ஊரு. எங்கன்னு சமைக்கறது? ராத்திரி எதுனா பண்ணை வூட்டுல ரூம் எடுக்கறோம், விடிஞ்சா கெளம்பறோம். நேத்து அவன் ரொட்டியில பாதியப் பிச்சு எனக்கு வெச்சான், தெரியுமா?

வசுமதி: அவனா?

தாமோதரன்: அவன்தான்.

வசுமதி: தட்டாண்ட யாரையும் அண்ட வுட மாட்டானே.

தாமோதரன்: மாறிட்டான் வசு. நல்லா மாறிட்டான்.

வசுமதி: …சொல்லுங்க.

தாமோதரன்: இன்னாத்த?

வசுமதி: அவனப் பத்தித்தான். கேக்க நல்லா கீது.

தாமோதரன்: முந்தாநாள் என் சைக்கிள்ல செயின் கழண்டுச்சு. தூறல்ல குனிஞ்சு மாட்டிக் குடுத்தான். கையெல்லாம் கிரீஸு. நான் குடையப் புடிச்சுகினு பாத்துகினே நின்னேன். எவ்ளோ நறுவிசா செய்யறான்ற… நான் வேல பாத்த பிளான்ட்டுல எத்தினி பசங்களுக்கு ஸ்பேனர் புடிக்கக் கத்துக் குடுத்திருப்பேன். வெளிப் பசங்கள எல்லாம் தட்டிக் குடுத்தேன். இவன ஒரு நாள் நல்லா பண்றடான்னு சொன்னதில்ல.

வசுமதி: இப்ப சொன்னீங்களா?

தாமோதரன்: சொன்னேன்.

வசுமதி: அவன் இன்னா பண்ணான்?

தாமோதரன்: சிரிச்சான்… இன்னா வசு, லைன்ல கீறியா?

வசுமதி: கீறேன். எண்ண தெறிச்சுடுச்சு.

தாமோதரன்: பாத்து.

வசுமதி: வழியெல்லாம் தெரியுதா உங்களுக்கு? மொழி தெரியாத ஊரு.

தாமோதரன்: இங்க சைக்கிளுக்குன்னே வழி போட்டிருக்கான். ஒவ்வொரு முக்குலயும் ஒரு நம்பர் போர்டு. அறுபத்தொண்ணுல இருந்து இருபத்திநாலு, அங்கிருந்து எழுபத்தஞ்சுன்னு போயினே இருக்கலாம். ஊரு பேரே வேணாம். யாரையும் கேக்கவும் வேணாம். கேக்கறதுக்கும் ஆளில்ல. காலையில இருந்து எதுக்க ஒரே ஒரு நாய், அத இழுத்துகினு ஒரு பெரியவரு. அவ்ளோதான்.

வசுமதி: குளிர் காலத்துல யாரு வெளிய வருவாங்க? அந்தூர் பறவைக்கே தெரிஞ்சு கீது. குளிருதுன்னு வேடந்தாங்கலாண்ட வந்து குந்திக்குதுங்க. இந்த சீசன்ல எல்லாம் இங்க வருது, நீங்க ஏறுமாறா அங்க போயிருக்கீங்க.

தாமோதரன்: பறவைக்குப் பையன் இல்லையே ஹாலந்துல. ஸ்ஸ்…

வசுமதி: இன்னாங்க?

தாமோதரன்: ஒண்ணுமில்ல, முட்டி.

வசுமதி: விழுந்தீங்களா?

தாமோதரன்: விழுந்தேன்னு சொல்ல முடியாது. சாஞ்சேன். இந்த வாடகை சைக்கிள் ஒரே பேஜாரு. பெடல பின்னாடி மிதிச்சா பிரேக்காம். நம்ம பழக்கத்துல சும்மா பின்னாடி ஒரு சுத்து சுத்தினேன், அப்பிடியே நின்னுடுச்சு. ஈர ரோடு… புல்லுலதான் விழுந்தேன். அடியில்ல.

வசுமதி: ரத்தம் வந்துச்சா?

தாமோதரன்: கொஞ்சூண்டு. ஆதி கர்ச்சீப்பு கட்டினான்.

வசுமதி: எந்தக் கர்ச்சீப்பு?

தாமோதரன்: நீலக் கட்டம் போட்டது.

வசுமதி: அது உங்களுது. நான்தான் பையில வெச்சேன்.

தாமோதரன்: அவன்கிட்ட குடுத்தேன். கட்டினான். கர்ச்சீப்பு யாருதா இருந்தா இன்னா? கட்டறதுக்கு ஒரு கை வேணாமா?

வசுமதி: கோவம் எதுக்கு வருது?

தாமோதரன்: கோவமில்ல. குளிருது.

வசுமதி: நாளைக்கு உங்க நட்சத்திரம். ஞாபகம் கீதா?

தாமோதரன்: கீது.

வசுமதி: தெருவுல எல்லாம் கேக்கறாங்க. ரிட்டயரும் ஆயிட்டாரு, அறுபதும் முடிஞ்சுடுச்சு, அறுபதாங் கல்யாணம் எங்க, திருக்கழுக்குன்றத்துலயா, இல்ல வூட்டோடவான்னு. பொண்ணு கீறா, மாப்பிள எங்கன்னா நான் இன்னா சொல்றது?

தாமோதரன்: பையன் நின்னு செய்யாம இன்னா அறுபதாங் கல்யாணம்? அவன் இங்க வந்தப்புறம் ரெண்டு வருஷமா ஒரு பேச்சு இல்ல எனக்கும் அவனுக்கும். கல்யாணத்துக்கு வாடான்னா வருவானா? அதான் நானே கெளம்பி வந்தேன்.

வசுமதி: பிளான்ட்டுல கெடச்ச வேலைய வுட்டுட்டுப் போறியே, போனா இந்த வாசல மிதிக்காதன்னது நீங்க.

தாமோதரன்: தெரியும்.

வசுமதி: ஒரு போன் பண்ணி சொல்லிட்டுப் போங்கன்னேன். கேட்டீங்களா?

தாமோதரன்: சொன்னா வராதன்னுடுவான்னு பயம். நேரா போயி நின்னுட்டா மூஞ்சியப் பாத்துத் தள்ள மாட்டான்னு நெனச்சேன்.

வசுமதி: ரெண்டு பேருக்கும் ஒரே புத்தி. சொல்லாம கொள்ளாம போயி நிக்கறது.

தாமோதரன்: இன்னா?

வசுமதி: ஒண்ணுமில்ல. நாளைக்கு யாரு உங்க தலையில கலசத் தண்ணி ஊத்துவாங்கன்னேன்.

தாமோதரன்: அதத்தானே இந்த ஊரு நாலு நாளா பண்ணினு கீது.

வசுமதி: எனக்கு சிரிப்பு வரல.

தாமோதரன்: எனக்கும்தான்.

வசுமதி: சாயங்காலம் ஆனா இன்னா பண்றீங்க?

தாமோதரன்: இங்க நாலரை அஞ்சுக்கே இருட்டிடும். ரோடு உசரத்துல கரை மேல போவுது, நம்ம ஏரிக்கரை மாதிரி. ஒரு பக்கம் ஆறு. இன்னொரு பக்கம் கீழ வூடுங்க. இந்த ஊர்ல ஜன்னலுக்குத் திரையே போட மாட்டாங்க வசு. எல்லா வூட்டுலயும் லைட்டு. உள்ள இன்னா நடக்குதுன்னு ரோட்டுல போறவனுக்கு அப்பிடியே தெரியும். ஒரு வூட்டுல பொம்பள துணி மடிச்சுகினு கீறா. ஒரு வூட்டுல அப்பனும் புள்ளயும் டேபிள்ல குந்தி சாப்ட்டுகினு கீறாங்க. பேசக்கூட இல்ல. சும்மா சாப்புடறாங்க. நான் ஒருத்தன்தான் எல்லா வூட்டையும் எட்டிப் பாத்துகினு இருட்டுல மிதிச்சுகினு…

வசுமதி: நீங்க ஒருத்தனா?

தாமோதரன்: மழை வுட்டா மாதிரி கீது. கெளம்பறேன்.

வசுமதி: கெளம்பலாம். ஆதி எங்க?

தாமோதரன்: சொன்னேனே, முன்னாடி…

வசுமதி: எங்கங்க?

தாமோதரன்: …தெரியல வசு.

வசுமதி: தெரியலன்னா?

தாமோதரன்: அவன் என்கூட வரல. முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. முதல் நாள்ல இருந்தே இல்ல.

வசுமதி: ம்…

தாமோதரன்: திட்டு. திட்டிடு.

வசுமதி: திட்டல. அன்னிக்குப் போன் பண்ணி, ஓடியாந்து என்னக் கட்டிக்கினான் வசுன்னீங்களே.

தாமோதரன்: நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீ, பாத்தீங்களா, பாத்தீங்களான்னு கேட்டுகினே இருந்த. அந்தக் குரலுக்கு இல்லன்னு எப்பிடி சொல்றது? பாத்தேன்னேன். கட்டிக்கினான்னேன். ஒரு தரம் சொன்னது. அப்புறம் அவன சைக்கிள்ல ஏத்த வேண்டியதாப் போச்சு. ரொட்டி பிச்சுத் தர வேண்டியதாப் போச்சு.

வசுமதி: செயினு?

தாமோதரன்: நான்தான் மாட்டினேன். சொல்லச் சொல்ல எனக்கே பழகிடுச்சு. நேத்து ஒரு கடையில ரெண்டு காபி வாங்கிட்டேன் வசு.

வசுமதி: ரெண்டாவது?

தாமோதரன்: எதுக்க வெச்சேன். அப்புறம் நானே குடிச்சேன். ஆறிப்போச்சு.

வசுமதி: …வூட்டுக்கு வந்திருக்கலாம் இல்ல?

தாமோதரன்: டிக்கெட் அடுத்த வாரம்தான். அந்தத் தெருவுலயே நிக்க முடியல. ஸ்டேஷனாண்ட கடையில சைக்கிள எடுத்தேன், கெளம்பிட்டேன். ஒரே எடத்துல நின்னா ஏன் தனியா நிக்கறன்னு கேப்பாங்க. மிதிச்சுகினே இருக்கறவன யாரும் கேக்க மாட்டாங்க.

வசுமதி: அன்னிக்கு அவன் வூட்டாண்ட இன்னா நடந்துச்சு? இப்பவாது நெஜத்த சொல்லுங்க.

தாமோதரன்: பெல் அடிச்சேன். தொறக்கல. திரும்ப அடிச்சேன். வூடு இருட்டா கெடந்தா, சரி, எங்கயோ போயிருக்கான்னு அக்கம் பக்கத்துல கேட்டிருப்பேன். மாடியில லைட் எரிஞ்சுது வசு. ஆள் உள்ள கீது. மேல இருந்து பாத்திருப்பான், கீழ அப்பன் தொப்பலா நிக்கறான்னு. பாத்துட்டுத் தொறக்கல.

வசுமதி: அப்பிடியே முடிவு பண்ணிட்டீங்களா?

தாமோதரன்: அவன் மேல தப்பு சொல்லல. வாசல மிதிக்காதன்னு அன்னிக்கு நான் வாயால சொன்னேன். அவன் வாயத் தொறக்காம சொல்லிட்டான். ஆனா ரொம்ப வலிக்குது வசு. முட்டி வலி ஒண்ணுமே இல்ல.

வசுமதி: அழுவாதீங்க.

தாமோதரன்: நான் அழுவல. உன் பக்கம்தான் யாரோ அழுவற சத்தம் கேக்குது.

வசுமதி: …எனக்கும் நாலு நாளா ஒண்ணு சொல்ல வாய் வரலீங்க. அன்னிக்கு நீங்க கட்டிக்கினான்னு சொன்னப்போ உங்க குரல்ல அவ்ளோ சந்தோஷம். போன வெச்சப்புறம்தான் எனக்கு நெஜம் தெரிஞ்சுது. அத எப்பிடி ஒடைக்கறது? அப்புறம் தெனம் நீங்க சொல்றதக் கேக்கக் கேக்க… அவர் வாயால சொல்லட்டும்மா, அவர் சொல்ற அந்தப் பையன் கூடவே இன்னும் ரெண்டு நாள் போவட்டும்மான்னு கெஞ்சினான். நானும் வுட்டுட்டேன்.

தாமோதரன்: யாரு கெஞ்சினான்?

வசுமதி: இந்தா, கண்ணத் தொடச்சுக்க. நீயே சொல்லுடா.

ஆதித்யா: அது டைமர் லைட்டுப்பா, சாயங்காலம் ஆனா தானா எரியும். உனக்கு அறுபதாங் கல்யாணம் பண்ணி வெக்கலாம்னு சொல்லாம கொள்ளாம கெளம்பி வந்தேன்… நீ அங்க பெல்ல அடிச்சுகினு நின்னப்போ, நான் இங்க நம்ம வூட்டு பெல்ல அடிச்சுகினு நின்னேன்.