தீபம் முடிஞ்சதும் மாத்தலாம்னாங்க

அந்த அட்டைய கீழ வைங்கக்கா. ரெண்டையும் வைங்க. போன் சரியாகுற வரைக்கும் எந்த மாத்திரையையும் நீங்களா பிரிக்காதீங்க. தடவிப் பாத்தே கண்டுபுடிச்சிடுவேன்னு சொல்றீங்க, நேத்து என்னாச்சு? பிபி மாத்திரைன்னு நெனச்சு சுகர் மாத்திரையவே ரெண்டாவது தடவையும் போட்டுட்டு, வேல பாக்குற லாட்ஜ்ல வர்ற போன எடுத்துப் பேசிக்கிட்டு இருக்கும்போதே சாஞ்சுட்டீங்களாமே. ஜிஎச்ல குளுக்கோஸ் ஏத்துனாங்கன்னு எங்க ஜானி பாஷா மாமா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இல்லக்கா, போன் கெட்டுப் போகல. நீங்க ஒன்னும் பண்ணல. ஆப்புதான். தொறந்தா உடனே மூடிக்குது, இல்ல? அட்டைய கேமராவுக்கு நேரா காட்டுனா பேரப் படிச்சு தமிழ்ல சொல்லுமே, அது ரெண்டு நாளா வாயே தொறக்கல. நான் பழைய வெர்ஷன ஏத்தித் தரேன். பத்து நிமிஷம். டீ சொல்லட்டுமா, சக்கர இல்லாம? ... நேத்து அவ்ளோ குளுக்கோஸ் ஏத்தியாச்சு, இன்னிக்கு சக்கரையோட சொல்லுங்கிறீங்களா? உங்களுக்கு ஜோக்கு வருது. எனக்கு வரல.

ஆப்பே வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க. பக்கத்து வீட்டு ஜோதியம்மாள கேட்டு கேட்டு போடுவீங்களா? அவங்க எழுத்து கூட்டிப் படிக்கறதுக்குள்ள அடுத்த வேள மாத்திரைக்கு நேரமாயிடும். ஒருத்தர் கிட்டயும் போய் நிக்காம தனியா இருக்கேன்னு நீங்கதானே கெத்தா சொல்வீங்க.

கம்பெனியா? கம்பெனி எதுவும் இல்லக்கா. நாங்க ஆறு பேரு, சும்மா செய்யுறோம். சம்பளம் கிம்பளம் கெடையாது. ஆப்புக்கு நாங்க எழுதுற புரோகிராம் கோடு எல்லாம் நெட்ல தொறந்தே கெடக்கும், யார் வேணா பாக்கலாம், திருத்தலாம். சென்னையில ஆதவன்னு ஒரு அண்ணன், அவருதான் ஆரம்பிச்சாரு. அண்ணா, நான் லெவன்த்தோட நின்னவன்னு மொத நாளே சொல்லிட்டேன். உன் மார்க் ஷீட்ட இங்க எவன் கேட்டான், வேலைய காட்டுன்னாரு. அந்த மாதிரி என்கிட்ட ஒருத்தரும் பேசுனதில்லக்கா. கூடப் பொறந்த அண்ணன் சாகிலையே நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். இவர அண்ணான்னு கூப்பிட்டேன்.

அதான் வரேன், இருங்க. நாம எழுதுற கோடையெல்லாம் சேத்து ஒரு ஆப்பா கட்டிக் குடுக்க ஒரு டூல் இருக்கு, பில்டு டூலுன்னு. அதுல வருஷா வருஷம் புதுசு வரும். என்னிக்காவது மாறித்தான் ஆகணும், அத நான் வேணாங்கல. எப்பங்கிறதுலதான் சண்ட. புது டூல் என்ன பண்ணும்னா, இது யாருக்கும் தேவப்படாதுன்னு அதுவா முடிவு பண்ணி கொஞ்சம் கோடை கழிச்சுப் போட்டுடும். பழைய போனுக்குன்னு எழுதுனதுதான் மொதல்ல போவும். புது போன் வெச்சிருக்கவனுக்கு ஒன்னும் தெரியாது. உங்க போன் மாதிரிலதான் பொட்டுனு மூடிக்கும்.

பழைய போனுங்க ரெண்டே பர்சென்ட்தான், ரொம்ப கம்மினாங்க. பிளே ஸ்டோர்ல எறக்குனவங்கள மட்டும் எண்ணுனா அப்படித்தான் வரும். இங்க எவரு ஸ்டோர்ல எறக்குறாங்க? கீழ்பென்னாத்தூர்லேந்து, அடி அண்ணாமலையிலேந்து கண்ணு தெரியாதவங்க இந்தக் கடைக்குத்தான் வராங்க, நான் புளூடூத்ல ஏத்தி விடுறேன், அப்புறம் புதுசு வந்தா ஆப்பு அதுவா இழுத்துக்கும். பதினாலு பேரு இருக்காங்கக்கா! ஒருத்தர் பேரும் அவங்க கணக்குல இல்ல. எல்லாத்தையும் மீட்டிங்ல சொன்னேன். கேட்டாங்க, பொய் சொல்லக் கூடாது, நல்லாவே கேட்டாங்க. சரி அர்பாஸ், தீபத்துக்கு உங்க ஊரே நெரியும், கடையில உனக்கு மூச்சு விட நேரமிருக்காது, தீபம் முடிஞ்சதும் மாத்திக்கலாம்னாரு ஆதவன் அண்ணன். எழுத்துலயே இருக்கு. வேணும்னா படிச்சுக் காட்டவா?

தீபத்துக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு. முந்தாநாள் செவ்வாக்கிழமை மத்தியானம் அவருகிட்டேந்து மெசேஜ் வருது, இன்னிக்கே மாத்துறோம்னு. ஏன்னா சனிக்கிழமை ஏதோ பெரிய கூட்டமாம், இவரு மேடையேறி ஆப்ப காட்டணுமாம், பழைய டூல்ல கட்டுனத காட்டுனா அசிங்கமாம். அதுக்கு மொத நாளே அஞ்சு பேரும் கால் போட்டு பேசி முடிச்சிருக்காங்க. எனக்கு லிங்க் கூட அனுப்பல. மறந்துட்டோம்டாங்கிறாரு. மறந்துட்டாங்களாம்! நூறு பேர் இருந்தா மறக்கலாம். இருக்கிறதே ஆறு பேரு, அதுல ஒருத்தன எப்படிக்கா மறப்பாங்க? இவனுக்கு இது போதும்னு நெனச்சிருக்காங்க, அவ்ளோதான். எங்க ஹெட்மாஸ்டர் கூட என் மூஞ்சிக்கு நேராதான் சொன்னாரு, நீயெல்லாம் தேறமாட்டேன்னு.

அவருக்கு என்ன கஷ்டமோவா? நல்லாருக்குக்கா. கையில ஊசி குத்துன எடம் இன்னும் வீங்கிக் கெடக்கு, அவருக்குப் பரிஞ்சு பேசுறீங்க.

என்ன கேட்டீங்க? வெளிய விடுறதுக்கு முன்னாடி ஒருத்தரும் போட்டுப் பாக்கலியாவா?

அது... இதோ ஏறிட்டு இருக்கு, எண்பது பர்சென்ட்.

சொல்றேன்க்கா. சொல்லாம இருந்தா எனக்கு தூக்கம் வராது. அதே மெசேஜ்ல கீழ இன்னொன்னும் எழுதியிருந்தாரு. உன்ன விட்டுட்டு தேதிய மாத்துனது தப்புதான் அர்பாஸ், ஆனா பழைய போன் உன்கிட்டதான் இருக்கு, ஒன்னுலயாவது போட்டுப் பாத்து சொல்லு, நீ ஓகே சொல்லாம வெளிய விடமாட்டேன், இல்லன்னா மேடையில பழசையே காட்டிக்கிறேன்னு. சார்ஜ் பின் மாத்த நீங்க குடுத்துட்டுப் போன இந்த போன் அப்ப இந்த மேஜை மேலதான் இருந்துச்சு. அஞ்சு நிமிஷ வேலை. எனக்கு அவ்ளோ கோவம். உடையட்டும், அப்பதான் தெரியும், என்ன கூப்பிடாம முடிவு பண்ணா என்னாவும்னு. பாத்துட்டேன், ஓகேன்னு தட்டிவிட்டேன்.

பாக்கலக்கா.