சட்டிக்குள்ள ஒரு குக்கர்

அக்காமாரே, அண்ணன்மாரே... பின்வரிசையில கொட்டாவி ஆரம்பிச்சாச்சு. அதனால ஒரு குட்டிக் கதை சொல்லுறேன். கேட்டுட்டு மிச்சக் கொட்டாவிய விடுங்க.

ஐஸ் கம்பெனியில வேலை பாக்குற சூசைன்னு ஒருத்தன். கஞ்சாப் பழக்கம். பொண்டாட்டி ரோஸ்லின் அழுது கெஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தா. அங்க தங்க வேண்டாம். வாரம் ஒரு நாள் வந்து சிறுநீர் சோதனை கொடுக்கணும். கஞ்சா இல்லன்னா, மண்சட்டியில இருந்து ஒரு சீட்டு எடுக்கலாம். சோப்பு டப்பா விழும், டம்ளர் விழும்... ஒரே ஒரு சீட்டுல குக்கர்! அடுத்த வாரமும் தொடலையா? ரெண்டு சீட்டு. அப்புறம் மூணு. நடுவுல ஒரு தடவ இழுத்துட்டா... மறுபடியும் ஒண்ணுல இருந்து.

அஞ்சாவது வாரம். அஞ்சு சீட்டு எடுக்கான். பிரிக்கான்... "சபாஷ்". அடுத்தது... "சபாஷ்". அஞ்சும் சபாஷ்! பொருள் ஒண்ணும் இல்ல, வெறும் பாராட்டு.

"சிஸ்டர், சபாஷ எந்த அடுப்புல வச்சுப் பொங்க?"ன்னு சட்டிய நீட்டுன நர்ஸம்மாகிட்ட கேட்டான்.

கோவமா வெளிய வந்தா, கூட்டாளி அண்டோ பைக்கோட நிக்கான். "ஒரு குக்கருக்காகவால விட்ட? ஏறுல, ஒரு இழுப்புல எல்லாம் சரியாயிரும்."

ஏறிட்டான். பஸ் ஸ்டாப்புல நின்ன ரோஸ்லின் பாத்துட்டா.

பக்கத்துப் பாலம்கூடத் தாண்டல, சூசை கத்துறான். "ஏல, நிறுத்து!"

"என்னல?"

"சட்டியில கெடந்த சபாஷ பூராம் நான் எடுத்துட்டேன். இனி மிச்சம் குக்கர்தானல! இப்ப இழுத்தா ஒரு சீட்டு, இழுக்காட்டி ஆறு. நீயே போய் இழு!"

இறங்கி நடந்து வந்து ரோஸ்லின் பக்கத்துல நின்னான். அந்த அஞ்சு சபாஷையும் சிஸ்டர் அப்பவே சட்டியில திருப்பிப் போட்டது... பாவம், அவனுக்குத் தெரியாது!

பதினோரு மாசம் ஆச்சு. வீடு பூரா சோப்பு டப்பா. குக்கர் இன்னும் விழல. சூசையும் இன்னும் இழுக்கல.

"நல்லவனா இருக்க லஞ்சமா?"ன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். ஆனா யோசிங்க... கஞ்சா எப்பக் கூலி கொடுக்குது? இழுத்த உடனே. விட்டவனுக்கு எப்பக் கூலி? உடம்பு தேறணும், ஊர் நம்பணும்... எத்தன மாசம்! அதுவரைக்கும் அவன் எதப் பிடிச்சுக்கிட்டு நிப்பான்?

அதனால, உங்க வீட்டு ஆளு பத்து நாள் தொடாம வந்து நின்னா, "இதென்ன பெரிய சாதனையா"ன்னு கேக்காதீங்க. அன்னைக்கே... அவரு கை கழுவிட்டு வர்றதுக்குள்ள... ஒரு ஆம்லெட்டாவது போடுங்க.