பாடையை மறித்த கேட்டு

சொட்டச் சொட்ட நனைந்தும் தலைமை நாற்காலியை விட்டு எழாத சிவசைலம் அண்ணாச்சி அவர்களே! சாரலுக்கும் சலிக்காமல் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு வந்திருக்கும் வாய்க்கால் தெருத் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

குற்றாலத்துக்குப் புது லாட்ஜ் வந்தது. மாடி வந்தது, மின்விளக்கு வந்தது, மதுரையிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் கார்கள் வந்தன. மகிழ்ந்தோம். ஆனால், நம் தெருமுனையில் ஓர் இரும்புக் கேட்டும் வந்ததே! நம் முன்னோர் நடந்த வழி, ஒரே வருஷத்தில் லாட்ஜ்காரர்களின் முற்றம் ஆனதே!

சென்ற வெள்ளிக்கிழமை நல்லக்கண்ணு இறந்தார். யார் அவர்? அருவிக்கரையில் வந்தவர் முதுகுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்துவிட்ட உழைப்பாளி. பாடையின் முன்பக்கம் என் தோளில். சுடுகாட்டுக்குப் போகிறோம், கேட்டில் பூட்டு. கம்பிக்கு அப்பால் மேனேஜர் நின்று சொல்கிறார்: "சீசன் நேரம் சார். பார்ட்டிங்க பார்த்தா ரூமைக் காலி பண்ணிருவாங்க. மெயின் ரோட்டைச் சுத்திப் போங்க."

கேட்கிறேன், சாவு சீசன் பார்த்தா வருகிறது?

என்ன தம்பி? உடைத்திருக்கலாமே என்கிறீர்களா? நம் பையன்கள் கல்லை எடுத்துவிட்டார்கள். உள்ளே காவலாளிகள் கம்பை ஓங்கிவிட்டார்கள். இன்னும் ஒரு நொடி போயிருந்தால், ஒரு பாடைக்குப் பின்னால் இன்னொரு பாடை!

பெண்கள் தெருமுனையோடு நிற்பதுதானே வழக்கம்? அந்த வழக்கத்தை மீறிக் கேட்டு வரை வந்தார் நல்லக்கண்ணுவின் மனைவி ரெங்கம்மாள். "ஏலே, கல்லைக் கீழ போடுங்கலே! அவுகளை இங்கனயே எறக்குங்க. கேட்டு தொறக்குத வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் இங்கனயே இருக்கோம்."

இறக்கினோம். ஈரத் தரையில், கணவர் தலைமாட்டில் அமர்ந்தார். அழவில்லை. கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடியில் சன்னல்கள் திறந்தன. யார் பெயரைச் சொல்லி மறித்தார்களோ, அவர்களே இறங்கி வந்தார்கள்! ஈரத் துண்டோடு வந்த ஒரு மதுரைக்காரர் கத்தினார்: "எங்களுக்காகன்னு யாருய்யா சொன்னது? தொறங்க. இல்லைன்னா நாங்க இப்பவே காலி பண்றோம்."

பூட்டு திறந்தது. தங்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். நல்லக்கண்ணு போனார்.

முடிந்ததா? மறுநாள் அதே பூட்டு! கேட்டால், "அன்னைக்கு இரக்கப்பட்டு விட்டோம்" என்கிறார்கள். நம் வழியில் நாம் நடக்க யாருடைய இரக்கம் வேண்டும்? நாளை ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தால், இரக்கம் வரும்வரை வலி காத்திருக்குமா?

லாட்ஜ் நடக்கட்டும். நாமும் நடக்க வேண்டும்!

ரெங்கம்மாளை ஏன் மேடைக்கு அழைக்கவில்லை என்று அங்கே கேட்கிறீர்கள். அழைத்தோம். "நீங்க பேசி முடிச்சிட்டு வாங்க. நான் முன்னால போயி உக்காருதேன்" என்று சொல்லிவிட்டார். இந்த மழையில், அந்தக் கேட்டின் முன்னால், இப்போது தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

இதற்கு மேல் நான் பேசக் கூடாது. நனைந்தபடி கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம். எழுந்திருங்கள், போவோம்.