நல்ல கை

செஞ்சியில் செயற்கை நகம் ஒட்டக் கற்றுக்கொடுப்பவர்களில் என் அளவுக்குச் சுத்தம் பார்க்கிறவர்கள் குறைவு. ஜன்னலைத் திறக்காமல் பாட்டிலைத் திறக்க யாரையும் விடமாட்டேன்.

பிரஷை லிக்விடில் நனைத்துப் பவுடரைத் தொட்டால் நுனியில் சின்ன உருண்டை வரும். அதை நகத்தில் வைத்து அழுத்த வேண்டும். காய்கிறவரை தோலில் படக் கூடாது. பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. பட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் அலர்ஜி வரும். வந்தால் ஆயுசுக்கும் போகாது. இதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுவேன்.

தொழில் பழகச் சேர்ந்த அறிவுமதி முதல் நாள் வரவில்லை. தொண்டூர்ப் பெண். மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் பஸ் ஏற முடியவில்லையாம். மறுநாள் வந்தவள் உருண்டையை வைத்து, ஈரம் காய்வதற்குள் ஓரத்தை வெறும் விரலால் வழித்துவிட்டாள். இத்தனை வருஷமாக என் பிரஷுக்கு வராத வளைவு அவள் விரலுக்கு வந்தது. தடுக்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் என் எதிரில் கையை நீட்டிக்கொண்டிருந்த கல்யாணப் பெண், "எனக்கு அந்தப் பொண்ணே போடட்டும்க்கா" என்றாள். என் கடையில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்ல கைடி உனக்கு. அப்டியே பண்ணு" என்றேன்.

ஒருமுறை அவளாகவே கேட்டாள். "மத்தவங்கல்லாம் கிளவுஸ் போடறாங்களே, எனக்கு வேணாமாக்கா?"

"அதெல்லாம் கை வராதவளுங்களுக்கு."

வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் அவளுக்கு விரல் அரித்தது. வெயில் சூடு என்றேன். பிறகு நுனிகள் வெடித்து நீர் கோத்தது. மருந்து தடவிக்கொண்டு வேலை செய்யச் சொன்னேன், செய்தாள். கடைசியில் நகங்களே தூக்கிக்கொண்டன. சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிடுகிறாளாம். இந்தத் தொழில் பக்கமே இனிப் போகக் கூடாது என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார். பஸ் ஸ்டாண்ட் அருகே சொந்தமாகக் கடை பார்த்து வைத்திருந்தாள், அதையும் விட்டுவிட்டாள். இப்படித்தான் ஆகும் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் அப்படியே பண்ணச் சொன்னேன்.

போன வாரம் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "நீங்க சொன்னமேரிதானே பண்ணேன். நான் இன்னாக்கா தப்பு பண்ணேன்?"

"நீ ஒரு தப்பும் பண்ணலடி" என்றேன்.

நீங்களே சொல்லுங்கள், அவளிடம் நான் என்றைக்காவது பொய் சொல்லியிருக்கிறேனா?